ஒரு சொல் காத்த தீவு

கடந்த வருடம் முல்லைத்தீவுக் கரையோரக் கிராமம் ஒன்றில் சுனாமி ஒத்திகை நடைபெற்றது. காலை பத்து மணிக்கு அபாய ஒலி எழுப்பப்படும், எல்லோரும் வீடுகளை விட்டு வெளியேறி உட்புறமாக உள்ள பாடசாலைக்கு வந்து சேரவேண்டும் என முதல் நாளே ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டார்கள். மாதர் சங்கப் பெண்களுடன் நானும் அங்கே நின்றேன். ஒலி எழுந்ததும் சிறுவர்கள் சிரித்தபடி ஓடினார்கள். இளம் தாய்மார் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, கதவைப் பூட்டுவதா விடுவதா என்று ஆளுக்காள் கேட்டுக்கொண்டு வெளிக்கிட்டார்கள். ஒரு அம்மா மட்டும் ஓடவில்லை. பேத்தியை இழுத்துத் தன் நெஞ்சுக்குக் கீழே போட்டுக்கொண்டு முற்றத்து மணலில் குப்புறப் படுத்துவிட்டார்.

நான் பக்கத்தில் போய் இருந்தேன். ஒலி நின்று வெகுநேரத்துக்குப் பின்னர்தான் எழுந்தார். சேலையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டு, "தங்கச்சி, இது ஒத்திகை எண்டு எனக்குத் தெரியும். உடம்புக்குத்தான் தெரியேல்லை" என்றார்.

அன்று பின்னேரம் நிரப்பப்பட்ட படிவத்தில் 'பங்குபற்றாதோர்' என்ற இடத்தில் ஒன்று என்று எழுதினார்கள். அந்த 'ஒன்று' என் மனதை விட்டுப் போகவில்லை. பங்குபற்றாமல் அவர் எங்கே இருந்தார்? 2009 வரையில் அந்த உடம்பு கற்றுக்கொண்ட பாடத்தை அவர் பிழையில்லாமல் செய்து காட்டினார். வானத்திலிருந்து வருவதற்குப் படுக்க வேண்டும், பங்கருக்குள் இறங்க வேண்டும். கடலிலிருந்து வருவதற்கு எழும்பி ஓட வேண்டும், உயரத்துக்கு ஏற வேண்டும். முதலாவது பாடம் அவரையும் அவரது பிள்ளைகளில் இருவரையும் காப்பாற்றியது. நாளைக்கு உண்மையாகவே கடல் வந்தால் அதே பாடம் அவரையும் பேத்தியையும் கொண்டுபோய்விடும்.

சகோதரிகளே, இந்தப் பக்கத்தில் நான் வழக்கமாகக் கடன், காணி, பிள்ளைகளின் படிப்பு என்றுதான் எழுதுவேன். இம்மாதம் கொஞ்சம் ஆராய்ச்சிகள் பற்றி எழுதப் போகிறேன். பயப்படவேண்டாம். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த காலத்தில் இவ்வகைக் கட்டுரைகளைக் கண்டால் எனக்கே நித்திரை வரும். ஆனால் அந்த ஒத்திகைக்குப் பின்னர் தேடித் தேடி வாசித்தேன். பண்பாட்டு மரபை ஆராய்பவர்கள், கட்டடங்களினதும் கருவிகளினதும் பாதுகாப்பை ஆராயும் பொறியியலாளர்கள், மூளையை ஆராய்பவர்கள் என்று மூன்று சாராரும் ஒரே மேசையில் இருப்பது அபூர்வம். ஆனால் சுனாமி என்ற விடயத்தில் மூவர் சொல்வதையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த அம்மாவின் கதை விளங்குகிறது.

இந்தோனேசியாவில் சுமாத்திராவின் மேற்குக் கரைக்கு அப்பால் சிமெலுவே என்று ஒரு தீவு இருக்கிறது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஏற்பட்ட பூமியதிர்ச்சியின் மையத்துக்கு மிகவும் அண்மையில் இருந்த ஊர்களில் அதுவும் ஒன்று. அன்று இந்தோனேசியாவில் மட்டும் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சிமெலுவேயில் அப்போது ஏறக்குறைய 78,000 பேர் வாழ்ந்தார்கள். இறந்தவர்கள் ஏழு பேர். தீவின் வடக்கே லாங்கி என்ற கிராமத்துக்கு நில அதிர்வு நின்று எட்டு நிமிடங்களில் அலை வந்துவிட்டது. அலையின் உயரம் பத்து முதல் பதினைந்து மீற்றர். அங்கிருந்த சுமார் 800 பேரும் உயிர் தப்பினார்கள்.

அந்தத் தீவில் அன்றைக்கு அபாய ஒலிக் கோபுரம் கிடையாது. எட்டு நிமிடத்தில் எந்த நாட்டு நிலையமும் செய்தி அனுப்பி முடித்திருக்காது. அவர்களிடம் இருந்தது ஒரு சொல்: 'ஸ்மொங்'.

1907ஆம் ஆண்டு ஜனவரியில் அந்தத் தீவை ஒரு பெரிய பூமியதிர்ச்சி உலுக்கியது. பின்னர் கடல் வற்றியது. வற்றிய கடலில் துடித்துக் கிடந்த மீன்களை அள்ளப் போனவர்கள் திரும்பி வரவில்லை என்று அவர்கள் சொல்கிறார்கள். தீவின் மக்களில் பெரும் பகுதியினர் அழிந்தனர். எஞ்சியவர்கள் அந்த அலைக்குத் தங்கள் பாஷையில் 'ஸ்மொங்' என்று பெயர் வைத்தார்கள். அதைக் கதையாக்கினார்கள். பாட்டன், பாட்டிமார் பேரப்பிள்ளைகளுக்கு இரவில் சொன்னார்கள். சிறிய நடுக்கம் ஒன்று வந்து போனாலும், 'இப்போது பெரிதாக ஆடி, கடல் வற்றினால் என்ன செய்ய வேண்டும்?' என்று கேட்டுச் சொல்லிக் கொடுத்தார்கள். இப்படிக் கதை சொல்வதை அவர்கள் 'நாஃபி-நாஃபி' என்பார்கள். 'நாண்டொங்' எனப்படும் அவர்களது பாட்டுகளிலும் தாலாட்டுகளிலும் அது இடம்பெறுகிறது.

97 வருடங்கள் கழித்து, 1907ஐக் கண்ணால் கண்ட ஒருவர்கூட உயிரோடு இருந்திருப்பாரா என்பது சந்தேகம். நிலம் ஆடியது. யாரோ "ஸ்மொங்!" என்று கத்தினார்கள். முழுத் தீவும் மேட்டுக்கு ஏறிவிட்டது. மூன்று மாதங்கள் கழித்து 2005 மார்ச் 28இல் மீண்டும் பூமியதிர்ச்சி வந்தபோதும் அவர்கள் அப்படியே செய்தார்கள். அமெரிக்க, இந்தோனேசிய விஞ்ஞானிகள் சிலர் அங்கு நேரில் போய்க் கேட்டறிந்து 2006இல் ஒரு பொறியியல் சஞ்சிகையில் இதனை எழுதியிருக்கிறார்கள். பொறியியலாளர்கள் கொங்கிறீற்றைப் பற்றி எழுதுகின்ற இடத்தில் பாட்டியின் கதை ஏறியதை வாசித்தபோது எனக்கு ஒரு சந்தோசம் வந்தது, அதை மறைக்கவில்லை. தீவின் கரையை ஒட்டியே குன்றுகள் இருந்தது அவர்களுக்குப் பெரிய உதவி என்பதையும் அவர்கள் எழுதத் தவறவில்லை. எங்கள் கரை தட்டையானது. அதற்குப் பிறகு வருகிறேன்.

ஒரு கதை நூறு வருடம் எப்படிச் சிதையாமல் இருக்கும்? ஊரில் ஒரு செய்தி மூன்று வீடு தாண்டினாலே உருமாறிவிடுகிறதே! டேவிட் ரூபின் என்ற அமெரிக்க உளவியலாளர் வாய்மொழிப் பாட்டுகளையும் கதைகளையும் பல வருடங்கள் ஆராய்ந்து 1995இல் ஒரு நூல் எழுதினார். எதுகை, தாளம், மனதில் தெரியும் படம் இந்த மூன்றும் சேர்ந்துகொண்டால் சொற்கள் இடம் மாற வழியில்லாமல் போய்விடும் என்பது அவர் கண்டது. ஒரு சொல் மறந்தாலும் தாளம் அதை இழுத்து வந்துவிடும். சின்ன வயதில் ஆச்சி தாலாட்டிய வரிகள் எங்களுக்கு இன்றும் பிழையில்லாமல் வருவது இதனால்தான். அதே ஆச்சி தந்த புத்திமதிகளில் எத்தனை ஞாபகத்தில் இருக்கின்றன?

ஸ்மொங் கதையில் இன்னொரு விடயமும் உண்டு. அது செத்தவர்களை எண்ணி அழுவதோடு நிற்கவில்லை. அடையாளம் இது, செய்யவேண்டியது இது என்று சொல்லி முடிகிறது.

எங்களிடமும் 'கடல்கோள்' என்று ஒரு சொல் இருக்கிறது. தமிழ்ச் சங்கங்கள் இருந்த நகரங்களைக் கடல் கொண்டது என்று பழைய உரைகளில் வருவதைப் பாடசாலையில் படித்தோம், பரீட்சையில் எழுதினோம். இழந்த பெருமையைச் சொல்ல அந்தச் சொல் உதவியது. கடல் வந்தால் எந்தப் பக்கம் ஓடுவது என்று அது ஒருவருக்கும் சொல்லித் தரவில்லை. அம்பாந்தோட்டைப் பக்கத்துக் கரகன் களப்பில் அடிமண்ணைத் தோண்டி ஆராய்ந்தவர்கள், கடந்த சுமார் 7,000 வருடங்களில் இலங்கையின் கரைக்குப் பல தடவை சுனாமி வந்துபோன மணற்படைகளைக் கண்டிருக்கிறார்கள். சேற்றுக்கு இருந்த ஞாபகம் எங்களுக்கு இருக்கவில்லை. 2004இல் காலை ஏழு மணிக்குச் சற்று முன்னர் சுமாத்திராவில் நிலம் அதிர்ந்தது. எங்கள் கிழக்குக் கரைக்கு அலை வர ஒன்றரை முதல் இரண்டு மணித்தியாலம் எடுத்தது. எட்டு நிமிடம் கிடைத்தவர்களில் ஏழு பேர் போனார்கள். ஒன்றரை மணித்தியாலம் கிடைத்த எங்கள் நாட்டில் 30,000க்கும் மேற்பட்டோர் போனார்கள். நான் அப்போது பாடசாலை மாணவி. எங்கள் வீட்டில் அந்த நேரம் வானொலியில் பாட்டுப் போய்க்கொண்டிருந்தது.

பழைய ஞாபகத்தைக் கட்டடத்திலேயே கட்டிவிட முடியுமா என்று கேட்டால், ஜப்பானில் ஒருவர் செய்து காட்டியிருக்கிறார். ஒனகாவா என்ற இடத்தில் அணுமின் நிலையம் ஒன்றைத் திட்டமிட்ட காலத்தில், அந்த மின்சாரக் கம்பனியின் மூத்த பொறியியலாளரான யானோசுகே ஹிராய், கடல்மட்டத்திலிருந்து 14.8 மீற்றர் உயரத்தில்தான் கட்டவேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். கி.பி. 869இல் அந்தக் கரையை அழித்த அலை பற்றிய பழைய தகவல் அவர் மனதில் இருந்தது. செலவு வீண் என்று சொன்னவர்கள் இருந்தார்கள். அவர் 1986இல் காலமாகிவிட்டார். 2011 மார்ச் 11இல் ஏறக்குறைய 13 மீற்றர் அலை வந்தது, நிலையம் தப்பியது. வீடிழந்த சுற்றுவட்டார மக்கள் அந்த நிலையத்தின் உடற்பயிற்சி மண்டபத்திலேயே தஞ்சமடைந்தார்கள். அதே கரையில் தெற்கே ஃபுகுஷிமாவில் இருந்த உயரமான இயற்கைக் குன்றை வெட்டிப் பதித்து, பத்து மீற்றர் உயரத்தில் நிலையத்தைக் கட்டியிருந்தார்கள். அங்கு நடந்ததை உலகமே அறியும்.

இனி அந்த அம்மாவிடம் திரும்புவோம்.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஏமி ஆன்ஸ்டன் என்ற பெண் விஞ்ஞானி, கடும் நெருக்கடியில் மூளைக்கு என்ன நடக்கிறது என்பதைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார். எங்கள் நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதிதான் நிதானமாக யோசித்து, இதைச் செய், இதை விடு என்று தீர்மானிப்பது. பயம் ஒரு எல்லையைத் தாண்டினால் மூளையில் சுரக்கும் சில இரசாயனங்கள் அந்தப் பகுதியைத் தளர்த்திவிடுகின்றன. அப்போது பொறுப்பை எடுப்பது வாதுமைப் பருப்பு வடிவத்தில் உள்ளே இருக்கும் அமிக்டலாவும், பழகிப்போன செயல்களை நடத்தும் பகுதிகளும். அந்த நேரத்தில் புதிதாக ஒன்றை யோசித்துச் செய்வது மிகக் கடினம். ஏற்கெனவே உடம்பில் ஊறியது எதுவோ அதுதான் வெளியே வரும். சிமெலுவேக்காரரின் உடம்பில் ஸ்மொங் ஊறியிருந்தது. இந்த அம்மாவின் உடம்பில் ஷெல் ஊறியிருந்தது. "உடம்புக்குத்தான் தெரியேல்லை" என்று அவர் சொன்னதை இதைவிடச் சரியாக ஒரு பேராசிரியரும் சொல்லியிருக்க முடியாது.

வெடிச்சத்தம் கேட்டால் கட்டிலுக்குக் கீழே போகிறோமே, எங்களுக்குப் பைத்தியமா என்று என்னிடம் கேட்ட பெண்கள் பலர். இல்லை. அது கோழைத்தனமும் அல்ல. உங்களை உயிரோடு வைத்திருந்த பழக்கம் தன் வேலை முடிந்தது தெரியாமல் இன்னும் காவல் நிற்கிறது. நித்திரை, சமையல், பிள்ளை வளர்ப்பு எல்லாவற்றையும் அது குழப்புகின்றது என்றால் ஆதார வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கோ உங்கள் பகுதி உளவளத்துணையாளரிடமோ போங்கள். தனியே போகக் கூச்சமாக இருந்தால் என்னைப் போன்ற ஒருவரைக் கூப்பிடுங்கள், கூட வருவோம்.

பயத்தைப் பற்றிய ஆராய்ச்சிகள் இன்னொன்றையும் சொல்கின்றன. பழைய பயப் பாடம் அழிவதில்லை. அதன் பக்கத்தில் புதிய பாடம் ஒன்றைத்தான் எழுதலாம். அந்தப் புதிய பாடம் பயமில்லாத நேரத்தில், திரும்பத் திரும்ப, எந்த இடத்தில் தேவைப்படுமோ அந்த இடத்திலேயே பழகினால்தான் பிடிக்கும். மண்டபத்தில் கதிரை போட்டு வகுப்பு வைத்தால் அது மண்டபத்தோடு நின்றுவிடும். வருடத்துக்கு ஒருமுறை திடீரென்று அலறும் ஒலி எங்கள் பெண்களுக்குப் புதிய பாடத்தைக் கற்பிக்குமா, பழையதைப் புதுப்பிக்குமா என்பதை ஒத்திகை நடத்துபவர்கள் ஒரு தடவை யோசிக்க வேண்டும். ஒலி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எங்களுக்குக் கட்டாயம் வேண்டும். சுமாத்திராவில் ஆடும் நிலம் எங்கள் காலுக்குத் தெரிவதில்லை, ஆகவே கருவிதான் சொல்லவேண்டும். இந்து சமுத்திர எச்சரிக்கை முறை 2011இல் இருந்து இயங்குகிறது. 2012 ஏப்ரல் 11இல் சுமாத்திராவுக்கு அப்பால் பெரிய அதிர்ச்சி ஏற்பட்டபோது எங்கள் கரையோர மக்களும் எச்சரிக்கப்பட்டு வெளியேறினார்கள். நல்லகாலம், பெரிய அலை வரவில்லை.

இதையெல்லாம் மாதர் சங்கக் கூட்டத்தில் கதைத்தேன். சிமெலுவேயைப் போல நாங்களும் ஒரு தாலாட்டுக் கட்டுவோம் என்று இளம் பெண்கள் உடனே ஆரம்பித்துவிட்டார்கள். 'கடல் வற்றினால் ஓடு' என்று முதல் வரி தயார். அப்போது ஒரு வயதான ஆச்சி மறித்தார். "எங்கட கடல் முதல்ல வத்தேல்லை பிள்ளை. முதல்ல ஏறினது. பிறகுதான் வத்தினது. வத்தின பிறகு வந்ததுதான் எல்லாத்தையும் கொண்டு போனது."

ஆச்சி சொன்னது விஞ்ஞானத்தோடும் ஒத்துப்போகிறது. அன்று சுமாத்திராவுக்குக் கிழக்கே தாய்லாந்துப் பக்கம் கடல் முதலில் வற்றியது. மேற்கே எங்கள் பக்கம் முதலில் உயர்ந்து வந்தது. சிமெலுவேயின் பாட்டை அப்படியே எடுத்துப் பாடியிருந்தால் எங்கள் பிள்ளைகள் கடல் வற்றும்வரை காத்து நின்றிருப்பார்கள். ஆகவே வரிகள் மாறின. கடல் வழமைக்கு மாறாக ஏறினாலும் ஓடு, வற்றினாலும் ஓடு, ஒலி கேட்டாலும் ஓடு, முதல் அலை போனாலும் திரும்பி வராதே. சந்தம் இன்னும் சரிவரவில்லை என்று ஒருவர் குறைப்பட்டுக்கொண்டிருக்கிறார். வரட்டும்.

பிறகு வந்த கதைதான் கடினமானது. அம்பாறைக் கரையோரத்தில் இடம்பெயர்ந்த குடும்பங்களிடையே சுனாமிக்குப் பின்னர் செய்யப்பட்ட ஆய்வு ஒன்று 2006இல் வெளிவந்தது. ஆண்களைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விகிதத்தில் பெண்கள் இறந்திருந்தார்கள். எல்லோரிலும் அதிகம் இறந்தவர்கள் சின்னஞ்சிறு பிள்ளைகள். அந்த நேரம் வீட்டுக்குள் இருந்தவர்களுக்கும் ஆபத்துக் கூடுதலாக இருந்தது. காரணத்தை எங்கள் பெண்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. அடுப்படியில் நின்றார்கள், பிள்ளையைத் தேடினார்கள், திரும்பிப் போனார்கள்.

ஜப்பானின் வடகிழக்குக் கரையில் 'தெந்தெங்கோ' என்று ஒரு பழைய வழக்கு உண்டு. சுனாமி என்றால் தாய், பிள்ளை என்று பாராமல் ஆளாளுக்குத் தனித்தனியே மேட்டுக்கு ஓடு என்பது அதன் பொருள். கமாயிஷி நகரத்தில் தொஷிதாகா கதாதா என்ற பேராசிரியர் அந்தப் பழைய சொல்லைப் பாடசாலைகளில் பிள்ளைகளுக்குப் பழக்கினார். அவர் அனர்த்தப் பாதுகாப்பை ஆராயும் பொறியியல்துறையைச் சேர்ந்தவர். 2011இல் அந்த நகரத்துப் பாடசாலைப் பிள்ளைகள் ஏறக்குறைய 3,000 பேரில் ஒரு சிலர் தவிர அனைவரும் தப்பினார்கள். பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு, குறித்த இடம் போதாது என்று கண்டு இன்னும் மேலே, இன்னும் மேலே என்று ஏறினார்கள்.

இதை எங்கள் கூட்டத்தில் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அலையில் கை நழுவிப்போன பிள்ளைக்காக இருபது வருடங்களுக்கு மேலாக ஒவ்வொரு டிசம்பரிலும் மெழுகுதிரி கொளுத்தும் தாய்மார் அங்கே இருந்தார்கள். சனத்துக்குள் பிள்ளையைத் தவறவிட்ட தாய்மாரும் இருந்தார்கள். 'தனியே ஓடு' என்று அவர்களிடம் எப்படிச் சொல்வது? ஒருவாறு சொன்னேன். கொஞ்ச நேரம் ஒருவரும் கதைக்கவில்லை. பிறகு பேத்தியோடு மணலில் படுத்த அந்த அம்மாதான் கேட்டார்: "அப்ப பிள்ளைக்கும் தெரிஞ்சிருக்கோணும், தாய்க்கும் தெரிஞ்சிருக்கோணும், எங்க போய்ச் சந்திக்கிறது எண்டு. அப்படித்தானே?"

அப்படித்தான். பாடசாலையில் இருக்கும் பிள்ளையை ஆசிரியர் மேட்டுக்குக் கொண்டுபோவார் என்று தாய்க்கு முன்கூட்டியே தெரிந்தால்தான் தாய் கரைப்பக்கம் திரும்பி ஓடமாட்டாள். 'தெந்தெங்கோ' என்பது கைவிடுவதல்ல, முதலே பேசி வைத்துக்கொள்வது என்று நான் விளங்கிக்கொண்டேன். கைக்குழந்தைக்கு அது பொருந்தாது, அதைத் தூக்கிக்கொண்டுதான் ஓட வேண்டும். யாருடைய வீட்டில் யார் தூக்குவது என்று அன்றே பெயர் பெயராகப் பேசினோம். நடக்கமுடியாத இருவருக்கு, செயற்கைக் கால் போட்ட ஒருவருக்கு, முச்சக்கரவண்டி வைத்திருக்கும் வீட்டாரிடம் சொல்லி வைத்திருக்கிறோம்.

ஒலியில்லாமல் நடந்து பார்ப்பது என்றும் தீர்மானித்தோம். ஒரு பின்னேரம், வெயில் தாழ, அவரவர் முற்றத்திலிருந்து புறப்பட்டோம். அந்த அம்மா பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தார். வேலி ஒன்று பாதையை மறித்திருந்ததால் சுற்றிப் போகவேண்டி வந்தது. பாடசாலையின் மாடிக் கட்டடத்துக்கு 19 நிமிடங்கள். அந்த வேலியில் ஒரு படலை வைத்தால் நான்கு நிமிடம் குறையும். காணிக்காரர் சம்மதித்துவிட்டார். மாடிக் கதவின் திறப்பு யாரிடம் இருக்கிறது என்பதற்குத்தான் இன்னும் பதில் கிடைக்கவில்லை. கிராம அலுவலரிடம் எழுத்தில் கேட்டிருக்கிறோம்.

அடுத்த தடவை தொலைபேசியில் அபாய ஒலியை மெதுவாகப் போட்டுக்கொண்டு நடப்போம் என்று சொன்னவர் அந்த அம்மாவேதான். "முதல்ல சின்னனாப் போடு தங்கச்சி. நான் கை காட்டினா நிப்பாட்டு."

மூன்றாம் சனிக்கிழமை பின்னேரம் நான்கு மணிக்குப் புறப்படுகிறோம். அயல் கிராமத்துச் சகோதரிகளும் வரலாம். பிள்ளைகளைக் கூட்டி வாருங்கள், குடிக்கத் தண்ணீரும் கொண்டு வாருங்கள், பாதையில் நிழல் குறைவு.